இது கர்த்தர் கொடுத்த பாரமா, அம்மாவை இழந்த துக்கமா?

உறையூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு வருஷமாக பில் போடும் வேலை. போன ஆகஸ்டில் அம்மா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி நாலு மாதமும் வீட்டில்தான். படுக்கைப்புண்ணைச் சலைன் ஊற்றிக் கழுவ, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க, காய்ந்த வாயை ஈரத்துணியால் துடைக்க, வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்தார்.

அம்மா போன மூன்றாம் வாரம் எதிர்வீட்டு அண்ணன் வாசலில் வந்து நின்றார். அவர் அப்பா பக்கவாதத்தில் படுத்து ஒரு வருஷம். "நீ ஒரு வாட்டி வந்து பாரும்மா" என்றார். போய் உடம்பைத் துடைத்து, வேட்டி மாற்றி, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். பேச்சு வராத அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. இப்போது மூன்று வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கேதான் போகிறேன்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதையே செய்யலாமா? வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பெரியவள் பத்தாவது படிக்கிறாள். பாஸ்டர் ஐயா "காத்திரு, வசனம் கிடைக்கும்" என்கிறார். இது கர்த்தர் என்னை அழைத்துக் கொடுத்த பாரமா, இல்லை அம்மாவை விட முடியாத என் துக்கமா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஜெபவீடு:
சகோதரி, உபவாசமிருந்து ஜெபியுங்கள். அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள்.

ஓய்வு நர்ஸ்:
தங்கச்சி, 33 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். ஊர் திண்டிவனம் பக்கம். எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பின்னாளில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர் 1890களில் அங்கே வந்தது, நோயில் விழுந்த அம்மாவுக்குத் துணையாக இருக்கத்தான். இந்தியாவில் தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவிகளும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். ஐடா அப்போது மருத்துவம் படிக்காத பெண். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

துக்கம் வேறு, அழைப்பு வேறு என்று அந்த இரவை உன்னால் கூறு போட முடியுமா? என்னால் முடியவில்லை. கர்த்தர் அழுகிற கண்ணைத்தான் முதலில் திறக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் மறுநாளே அவர் பிரசவம் பார்க்கக் கிளம்பிவிடவில்லை. கப்பலேறிப் போய்ப் படித்து 1899இல் டாக்டரானார். 1900இல் வேலூர் வந்தார். 1902இல் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான்.

அதனால் நீயும் முறையாகக் கற்றுக்கொள். நாற்றமடிக்கும் புற்றுப்புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவதைப் பார்த்திருப்பாய். எந்தப் புண்ணுக்கு, எவ்வளவு என்று டாக்டரோ நர்ஸோ சொல்லாமல் அதில் கை வைக்காதே. புண் கறுத்தாலோ, சுற்றிலும் சிவந்து சுட்டாலோ உடனே அவர்களிடம் சொல்லிவிடு. உடுதுணி மாற்றுவது, புரட்டிப் போடுவது, பக்கத்தில் உட்காருவது எல்லாம் தாராளமாகச் செய். எண்ணெய் போட்டுப் புண்ணைத் தேய்க்க மட்டும் யார் சொன்னாலும் விடாதே.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ் உண்டு. உன் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள். மூன்று வீட்டுப் பெயரையும் எழுதிக் கொடு. அவரோடு கூடப் போ. கோழிக்கோட்டில் 1993இல் வலி தணிப்புச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். கேரளம் முழுக்க அது பரவியது அக்கம்பக்கத்து ஆட்களால்தான். வேலைக்குப் போகிறவர்களும் குடும்பப் பெண்களும் வாரத்தில் சில மணி நேரம் கொடுத்தார்கள். முழுநேரம் ஆனால்தான் அழைப்பு என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

உழவாரத்தொண்டன்:
நான் சைவன், இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது. அப்பர் சுவாமிகள் கையில் இருந்தது புல் செதுக்கும் உழவாரப்படை. வாரம் தவறாமல் நாங்கள் அதை எடுத்துக்கொண்டு பழைய கோயில்களுக்குப் போகிறோம். 38 வயதில் இதற்காகவே நான் வேலையை விட்டேன், மனைவியைக் கேட்காமல். அடுத்த ஜூனில் மகன் பள்ளிக் கட்டணத்துக்கு அவள் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னமும் அந்த வெறும் கை கண்ணிலேயே நிற்கிறது. உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே அம்மா? முதலில் அவரிடம் பேசுங்கள்.

உறையூர்க்காரி:
அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது, நான் அவரிடம் கேட்கவே இல்லை. நேற்று ராத்திரி பேசினேன். "உங்கம்மாவைப் பார்த்துக்கிட்ட மாதிரி நீ வேற எதையும் செஞ்சு நான் பார்த்ததில்ல. பெரியவ பன்னெண்டாவது முடிக்கட்டும், அதுவரைக்கும் சாயங்காலம் நான் சோறு வடிச்சு வைக்கிறேன்" என்றார்.

அக்கா, இன்று காலை சுகாதார நிலையம் போனேன். நர்ஸ் மூன்று பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எதிர்வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறோம். பில் வேலைக்கு அன்று லீவு சொல்லிவிட்டேன்.