பிளாக் லிக்கருக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

கரூர் டீச்சர் | திங்கள் இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்ல ரெண்டாம் வருஷப் பசங்களுக்கு 'காகித ஆலையில் எரிபொருள் சிக்கனம்'னு ஆறு பக்கம் பாடக்குறிப்பு எழுதிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்குப் போயாகணும், ஆனா ரெண்டாவது பக்கத்துலயே மாட்டிக்கிட்டு நிக்கிறேன். பிளாக் லிக்கர். மரத்தையோ கரும்புச் சக்கையையோ காரத்துல வேகவச்சு கூழை எடுத்தப்புறம் மிஞ்சுற கருப்புத் திரவம். அதுல கரைஞ்சிருக்கிற லிக்னினை (மரத்துல நாரையெல்லாம் ஒட்டவச்சிருக்கிற பொருள்) பாய்லர்ல எரிச்சுத்தான் பெரிய கூழ் ஆலைங்களுக்கு நீராவில பெரும்பங்கு வருது, போட்ட ரசாயனமும் திரும்பக் கிடைக்குது. இந்தச் சொல்லைத் தாண்டாம பாடத்தையே நகர்த்த முடியாது.

போன வருஷம் யாரோ கம்ப்யூட்டர்ல மொழிபெயர்த்துக் குடுத்த நோட்ஸ்ல 'கருப்பு மதுபானத்தை எரித்து மின்சாரம் தயாரிக்கப்படுகிறது'ன்னு இருந்துச்சு. கடைசி பெஞ்சுல ஒருத்தன் எழுந்து "மேடம், எதுக்கு எரிக்கணும், எங்ககிட்ட குடுக்கலாம்ல"ன்னான். அன்னிக்கு வகுப்பு அதோட போச்சு. வெள்ளை லிக்கர் (வேகவைக்கப் போடுற காரம்), பச்சை லிக்கர் (எரிச்சப்புறம் அடில மிஞ்சுற உப்பைக் கரைச்சது)னு இன்னும் ரெண்டு இருக்கு, மூணும் ஒரே குடும்பப் பேரா வந்தா நல்லாருக்கும்.

வேர்தேடி | திங்கள் இரவு 10:20

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நல்ல கேள்வி. ஆனால் சுவரை விட்டுவிட்டுச் சித்திரம் வரையலாகாது. 'காகிதம்' நம் சொல் அன்று, பாரசீகத்து காகஸ். தலைப்பையே 'தாள் ஆலை' என்று திருத்துங்கள். நெல்லின் தாள், புல்லின் தாள், அந்தத் தாளைக் கூழாக்கித்தானே எழுதும் தாள் செய்கிறோம், பொருளும் பெயரும் இப்படிப் பொருந்துவது வேறெந்த மொழியில் உண்டு?

லிக்கர் என்றால் இலத்தீனத்தில் வெறும் நீர்மம்தான், பிற்காலத்தில்தான் அது குடிக்குப் போயிற்று. நாமும் குடிப்பக்கத்திலிருந்தே ஒரு சொல்லை மீட்டு வரலாம். தேறல். தேறு என்றால் தெளிதல். புறநானூற்றில் ஔவையார் 'தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்' என்கிறார், தேள் கொட்டினாற்போலக் கடுக்கும் பழைய கள். உங்கள் திரவமும் தோலில் பட்டால் எரியுமாமே! கருந்தேறல், பைந்தேறல், வெண்டேறல். முடிந்தது.

நாஞ்சிலான் | திங்கள் இரவு 10:51

வேர்தேடி ஐயா, தெளிஞ்சதுதான் தேறல்னா தார் மாதிரி கருப்பா இருக்கதுக்கு எப்படி தேறல்னு பேரு வைப்பீங்க? அதுபோக வெண்டேறல்னு போர்டுல எழுதினா பிள்ளைங்க வெண்டைக்கா ஊறல்னு வாசிக்கும்.

தாள் பத்தியும் ஒண்ணு சொல்லணும். கூழ் எடுக்க கிராஃப்ட் முறைன்னு ஒண்ணு இருக்குல்லா, 1879-ல டால்னு ஒரு ஜெர்மன் வேதியியல்காரரு கண்டுபிடிச்சது, கிராஃப்ட்னா ஜெர்மன்ல வலிமைன்னு அர்த்தம், அந்தக் காகிதம் கிழியாது அதான் பேரு. உங்க கணக்குக்கு அது 'வலித்தாள்'. வலித்தாள், மடித்தாள், கிழித்தாள், இதெல்லாம் பேப்பர் வகையா இல்ல ஒரு பொம்பளை செஞ்ச வேலையா?

அப்புறம் டீச்சர், சக்கைன்னா எங்க ஊர்ல பலாப்பழம். 'சக்கையிலிருந்து காகிதம்'னு முதல் தடவை படிச்சப்ப பலாச்சுளைல பேப்பர் எப்படி பண்ணுவானுவன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன்.

கரூர் டீச்சர் | செவ்வாய் காலை 7:05

ஐயா, காகிதபுரம்னு ஒரு ஊரே எங்க மாவட்டத்துல இருக்கு, தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984-ல இருந்து அங்கதான் ஓடுது. என் பசங்க பாதிப்பேர் அந்தப் பஸ்ல வர்றவங்க. நான் போய் அவங்ககிட்ட தாள்புரம்னு சொல்ல முடியாது. தலைப்பை விட்டுடலாம், லிக்கருக்கு வாங்க. ரெண்டு யோசனை, கருநீர் அல்லது கருஞ்சாறு. கருமைல மை போய் இனவெழுத்து மிகுந்து கருஞ்சாறு, இலக்கணம் சரிதானே?

மட்டுநகரான் | செவ்வாய் காலை 11:30

இலங்கையில, எங்கட மட்டக்களப்புப் பக்கம் காகிதமும் இல்லை தாளும் இல்லை, கடதாசிதான். வாழைச்சேனைக் கடதாசி ஆலை எண்டுதான் எல்லாருக்கும் தெரியும், 1950களில வந்தது. கடதாசியும் போர்த்துக்கேயச் சொல்லெண்டுதான் சொல்லுறவை, வேர்தேடி ஐயா அதுக்கும் கோவிப்பார்.

ஆனா பாடக்குறிப்பில ஒரு விசயம் சேருங்கோ டீச்சர். வாழைச்சேனையில முக்கியமா வைக்கோல்தான் போட்டவை. நெல்லு வைக்கோலில சிலிக்கா கூட, அது காரத்தில கரைஞ்சு உந்தக் கறுப்புத் திரவத்துக்குள்ள வந்திடும். பிறகு காய்ச்சிக் கெட்டியாக்கேக்க குழாய்க்குள்ள கண்ணாடி மாதிரிப் பொருக்குப் பிடிக்கும், திரவமும் சரியாக் கொழுகொழுத்துப் போகும், பம்ப் இழுக்காது. அதாலதான் உலகம் முழுக்க வைக்கோல் ஆலையளில இதை எரிச்சு மீட்கிறது பெரிய பாடு. சின்ன ஆலையள் மீட்பு பொயிலர் போட வசதியில்லாம ஆத்தில விட்டதும் உண்டு. ஒரே திரவம், ஒரு இடத்தில விறகு, இன்னொரு இடத்தில நஞ்சு. அதனால 'கழிவு' எண்ட சொல்லை மட்டும் பேரில சேர்க்காதேங்கோ.

வேர்தேடி | செவ்வாய் பகல் 12:15

மட்டுநகராரே, உங்கள் பெயரிலேயே கள் இருக்கிறது, அறிவீர்களா? மட்டு என்றால் கள். 'மட்டுவாய் திறப்பவும்' என்று கபிலர் பாரியின் பறம்பைப் பாடுகிறார். ஆகவே கருமட்டு என்றும்…

மட்டுநகரான் | செவ்வாய் பகல் 12:22

ஐயா, எங்கட மட்டு களப்பு மட்டமா இருக்கிறதால வந்த மட்டு. கள்ளை நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ.

பழைய பாய்லர் | செவ்வாய் இரவு 8:10

நான் இங்க அதிகம் எழுதறதில்லைங்க, படிக்கறதோட சரி. முப்பது வருஷத்துக்கு மேல ரெக்கவரி பாய்லர்ல ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவன், தமிழ் வாத்தியார் இல்லைங்க, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

கருநீர் மட்டும் வேண்டாங்க. ஏன்னு சொல்றேன். கூழைக் கழுவி வர்றப்ப இந்த லிக்கர் நூத்துக்குப் பதினஞ்சு பங்குதான் திடப்பொருள், பாக்க காப்பி டிகாஷன் மாதிரி, விரல்ல தொட்டா சோப்புத்தண்ணி மாதிரி வழுக்கும், கையைக் கழுவாம விட்டா அரிக்கும். அதை இவாப்பரேட்டர் வரிசைல விடுவோம். முதல் சட்டில கிளம்புற ஆவிதான் ரெண்டாவது சட்டிக்கு அடுப்பு, ரெண்டாவதோட ஆவி மூணாவதுக்கு, இப்படி ஆறு சட்டி வச்சா ஒரு கிலோ நீராவியை வச்சு அஞ்சு கிலோ தண்ணி வரைக்கும் விரட்டலாங்க. எரிபொருள் சிக்கனம்னு டீச்சர் பாடம் எடுக்கறதுல பாதி இதுதான். வெளிய வர்றப்ப 65, 70 ஆயிருக்கும், கருப்பட்டிப் பாகு மாதிரி, சூடு குறைஞ்சா பைப்புலயே உறைஞ்சு நின்னுக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். திடப்பொருள் 58 சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா அதை உலைக்குள்ள விடவே கூடாது, உடனே கட் பண்ணிரணும். உலைக்கு அடில உருகின உப்பு 800 டிகிரிக்கு மேல குளம் மாதிரி நிக்கும். அதுல தண்ணி பட்டா வெடிதாங்க, பாய்லரே பொளந்துக்கும். ரெக்கவரி பாய்லர்ல வேலை பாக்கறவனுக்கு முதல் பாடமே உள்ள தண்ணி போகக்கூடாதுங்கறது. அப்படி இருக்கறப்ப 'கருநீரை உலைக்குள் செலுத்துக'ன்னு புஸ்தகத்துல எழுதினா நான் படிச்சாலே வயித்தைக் கலக்குதுங்க.

தரமணி | செவ்வாய் இரவு 9:00

பழைய பாய்லர் சார், நீங்க இவ்ளோ நாள் சும்மா படிச்சுட்டு மட்டும் இருந்தீங்களா! நான் மொழிபெயர்ப்பை வச்சுப் பொழைக்கிறவ, நீர்னு முடியுற சொல் நானே எத்தனையோ உருவாக்கியிருக்கேன், இப்படி யாரும் மூக்குல குத்தினதில்லை. நீரை அடிச்சாச்சு. பசுநீரும் போச்சு, நல்லவேளை, பச்சை லிக்கருக்குப் பசுநீர்னு போட்டிருந்தா பசங்க கோமியம்னு எழுதியிருப்பாங்க.

நாஞ்சிலான் | செவ்வாய் இரவு 9:14

கருஞ்சாறும் ஆவாது கேட்டேளா. சர்க்கரை ஆலைல இருந்து சக்கை வாங்கி, பதிலுக்கு அவங்களுக்கு நீராவியோ எரிபொருளோ குடுக்குற ஏற்பாடு காகிதபுரத்துல. அந்த ஆலைக்குப் பக்கத்துல நின்னுட்டு கருஞ்சாறுன்னு வேகமா சொல்லிப் பாருங்க, கரும்புச்சாறுன்னுதான் காதுல விழும். கெட்டியானதைக் கரும்பாகுன்னா அது இன்னும் மோசம், கரும்பு ஆகுமா பாகு ஆகுமான்னே தெரியாது, மொலாசசையும் பாகுன்னுதான் சொல்லுதாங்க.

வேர்தேடி | புதன் காலை 6:40

சாறு என்பதை நானும் ஏற்கவில்லை, ஆனால் வேறு காரணத்தால். கருப்பில் மரத்தின் சத்து கரைந்திருக்கிறது, ஆகவே சாறு எனலாம். வெள்ளை லிக்கரில் என்ன இருக்கிறது? எரிசோடாவும் சோடியம் சல்பைடும். அதை எந்தப் பழத்தைப் பிழிந்து எடுத்தீர்கள்? காரம் என்று போகலாமென்றால், வெண்காரம் ஏற்கெனவே சித்த மருத்துவத்தில் வெங்காரமாக இருக்கிறது, போராக்ஸ்.

இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அம்மையார் 'கூழ்' என்று எழுதியிருப்பது கண்டு உள்ளம் குளிர்ந்தது. வள்ளுவரிடம் கூழ் மூன்று. 'சிறுகை அளாவிய கூழ்' உணவு. 'படைகுடி கூழமைச்சு' என்னும்போது பொருள்வளம். 'பைங்கூழ் களைகட்டதனொடு நேர்' என்னும்போது பயிர். பயிரே கூழ், பயிரை அரைத்ததும் கூழ், அதை விற்ற பணமும் கூழ். ஒரு தாள் ஆலையின் மொத்த வரலாறும் இந்த ஒரு சொல்லில்…

தரமணி | புதன் காலை 9:30

ஐயா, ரொம்ப அழகா இருக்கு, நிஜமாவே. ஆனா டீச்சருக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு.

என் யோசனை, கரைசல். கருங்கரைசல், பசுங்கரைசல், வெண்கரைசல். பள்ளிக்கூட வேதியியல்லயே பசங்க படிச்ச சொல். வெள்ளைக்கும் பொருந்தும், கருப்புக்கும் பொருந்தும், குடிக்கிறதுன்னு யாரும் நினைக்க மாட்டாங்க.

வேர்தேடி | புதன் காலை 9:48

உயிரற்ற சொல். மருந்துக்கடை வாடை அடிக்கிறது. கரைசல் என்பது சொல்யூஷனுக்குக் கொடுத்தாயிற்று, ஒரே சொல்லை இரண்டு இடத்தில் அடகு வைக்கிறீர்கள்.

பழைய பாய்லர் | புதன் மதியம் 2:05

கரைசல் பரவாயில்லைங்க, அதுல தண்ணி பேரு இல்லை. வீக் லிக்கர், ஸ்ட்ராங் லிக்கருக்கு என்ன பண்றது? நீர்த்தன்னு போட்டீங்கன்னா மறுபடி நீர் வந்துருது. எங்க வீட்டுல அதிரசத்துக்குப் பாகு காய்ச்சறப்ப இளம்பதம், முத்தின பதம்னு சொல்லுவாங்க. இளங்கரைசல், முதிர்கரைசல்னு வச்சா ஆபரேட்டர் பையனுக்குச் சட்டுனு புரியும், இளசு உலைக்குப் போகக்கூடாதுன்னு.

இன்னொண்ணு டீச்சர், லிக்கரையே சுத்திட்டு இருக்கீங்க, நாலாம் பக்கத்துல பிரஸ்ஸை விட்டுடாதீங்க. ஈரக் காகிதத்தை உருளைல நசுக்கறப்ப ஒரு சதவீதம் கூடப் பிழிஞ்சுட்டா, அடுத்து காயவைக்கற நீராவில சுமாரா நாலு சதவீதம் மிச்சம். துணியை நல்லாப் பிழிஞ்சு காயப்போடற மாதிரிதாங்க.

மட்டுநகரான் | புதன் இரவு 7:50

இளங்கரைசல், முதிர்கரைசல் வடிவாத்தான் இருக்கு. கருங்கரைசல் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை, எங்கட பிள்ளையள் கறுப்பு எண்டு வல்லின றகரத்தோட எழுதுறவை, கருமைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் கேப்பினம். ஆனா இதை இப்ப கதைக்க வெளிக்கிட்டா வெள்ளி முடிஞ்சு ஞாயிறும் வந்திடும்.

நாஞ்சிலான் | புதன் இரவு 8:02

கறுப்பு கருப்பு மட்டும் வேண்டாம், கும்பிடுதேன். போன தடவை அந்த இழை நாலு மாசம் ஓடிச்சு.

கரூர் டீச்சர் | வெள்ளி இரவு 9:15

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கருங்கரைசல், பசுங்கரைசல், வெண்கரைசல்னே போட்டுட்டேன், முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் 'ஆலையில் பிளாக் லிக்கர் என்பார்கள்'னு ஒரு வரி. இளங்கரைசல், முதிர்கரைசலும் சேர்த்தாச்சு, 58 சதவீதக் கணக்கு தடிச்ச எழுத்துல இருக்கு. தரமணி, பழைய பாய்லர் சார், நாஞ்சிலான், நான், நாலு பேர் ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டேன். வேர்தேடி ஐயா ஒத்துக்கலைன்னு தெரியும், மட்டுநகரான் அண்ணா பாதிதான் ஒத்துக்கிட்டார். அறுபது பிரதி. நாலாம் பக்கத்துல ஸ்மெல்ட்னு வந்த இடத்துல சொல் கிடைக்காம உருகின உப்புன்னே விட்டுட்டேன், பழைய பாய்லர் சார் அப்படித்தான் எழுதியிருந்தார்.

வேர்தேடி | வெள்ளி இரவு 11:40

அம்மா, என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்கிறேன், கருந்தேறலே சரி. அது நிற்க. ஸ்மெல்ட்டுக்கு 'உருக்கு' எனலாம் என்றால் அதை எஃகுக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். உருகல்? உருக்குழம்பு? குழம்பு என்பது குழம்புதல் என்னும் வினையடியாகப் பிறந்தது, சாப்பாட்டுக் குழம்பு பின்னால் வந்ததாகவே இருக்கவேண்டும். இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

பழைய பாய்லர் | வெள்ளி இரவு 11:52

ஐயா, அதுல குழம்புன்னு மட்டும் போட்டுராதீங்க. காலைல பேசலாங்க.