ஆறு மாதம் பழுக்க வைத்த ஹாப்ஸில் சீஸ் நாற்றம்: இப்போதே புளிப்பு பீருக்குப் போடலாமா?

நுரைமேகம் (கேள்வி):

லாம்பிக் (மெதுவாக நொதித்துப் புளிக்கும் பெல்ஜிய பீர்) பாணியில் 20 லிட்டர் போடத் திட்டம். 60 சதவீதம் பார்லி மால்ட், 40 சதவீதம் முளைகட்டாத கோதுமை. ஈஸ்ட், ப்ரெட்டனோமைசஸ் (ஒரு காட்டு ஈஸ்ட்), பெடியோகாக்கஸ், லாக்டோபேசிலஸ் (இவை இரண்டும் புளிப்பு தரும் பாக்டீரியா) நான்கும் கலந்த கல்ச்சர்.

கையில் இருக்கும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கூம்பு):
1) சாஸ் ரகம், முழுக் கூம்பு, 200 கிராம். வாங்கும்போது ஆல்ஃபா (கசப்பு தரும் அமிலம்) 3.8 சதவீதம். திறந்த காகிதப் பையில், ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸில், கசப்பு குறையட்டும் என்று ஆறு மாதமாகப் பழுக்க விட்டிருக்கிறேன்.
2) கொலம்பஸ் ரகம், பெல்லட் (அரைத்து அழுத்திய உருளை), 100 கிராம், ஆல்ஃபா 15 சதவீதம். இன்னும் பையே பிரிக்கவில்லை.

சாஸ் இப்போது பழைய சீஸ், அழுக்கு சாக்ஸ் மாதிரி நாறுகிறது. கெட்டுவிட்டதா? ஓவனில் 70 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தால் மிச்சமும் பழுத்து முடிந்துவிடுமா? லிட்டருக்கு 5 கிராம் என்று எங்கும் சொல்கிறார்கள், அப்படியே 100 கிராம் போடலாமா? கொலம்பஸையும் இதேபோல் பழுக்க வைக்கலாமா? பீர் கணக்கிடும் செயலியில் பழைய ஹாப்ஸ் என்று கொடுத்தால் ஐபியு (கசப்பின் அளவு) பூஜ்யம் காட்டுகிறது, அதையும் நம்ப முடியவில்லை.

கொதிகலன்:

கெடவில்லை. பாதி வழியில் நிற்கிறது.

ஆல்ஃபா அமில மூலக்கூறில் ஒரு பக்கச் சங்கிலி உண்டு. ஆக்சிஜன் பட்டு மூலக்கூறு சிதையும்போது அது கழன்று வருகிறது. ஹியூமுலோனிலிருந்து ஐசோவலெரிக் அமிலம், கோஹியூமுலோனிலிருந்து ஐசோபியூட்டிரிக் அமிலம் (ஹியூமுலோன், கோஹியூமுலோன் இரண்டும் ஆல்ஃபா அமில வகைகள்). சாக்ஸ் நாற்றம் இவைதான். ஆல்ஃபா தீரத் தீர புதிதாக இவை உண்டாவது குறையும், ஏற்கெனவே உண்டானவை மெல்ல ஆவியாகும். கடைசியில் காய்ந்த வைக்கோல், பழைய தேயிலை, மரப்பெட்டி போன்ற வாசனை மட்டும் நிற்கும். அதுதான் இலக்கு. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் ஆலைகள் ஹாப்ஸை வருடக்கணக்கில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

மூக்கை மட்டும் நம்பாமல் கூம்பைப் பிய்த்தும் பாருங்கள். உள்ளே இருக்கும் லூபுலின் பொடி புதிதில் பளிச்சென்ற மஞ்சளாக, விரலில் ஒட்டும். பழுத்தது ஆரஞ்சு கலந்த பழுப்பாக, ஒட்டாமல் உதிரும். வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பஞ்சு போல ஏதாவது படர்ந்திருந்தாலோ, ஈரச்சுவர் வாடை வந்தாலோ அது பூஞ்சை. அந்தப் பையை முழுதாகத் தூக்கிப் போடுங்கள், பொறுக்கி எடுக்க வேண்டாம்.

பெடியோ:

ஓவன் கேள்விக்குக் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். ஹாப்ஸ் சேமிப்புக்கு கேரட்ஸின் விதி ஒன்று உண்டு: வெப்பம் 15 டிகிரி ஏறினால் ஆல்ஃபா இழப்பின் வேகம் இரட்டிப்பாகும். 20-இலிருந்து 70-க்கு 50 டிகிரி, அதாவது மூன்றே கால் முறைக்குச் சற்று மேல் இரட்டிப்பு, தோராயமாக 10 மடங்கு. ஆறு மணி நேரம் 60 மணி நேரமாகும். இரண்டரை நாள் பழுத்ததற்குச் சமம், அவ்வளவுதான். அத்தனை உயர்ந்த வெப்பத்தில் இந்த விதி அச்சு பிசகாமல் நிற்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டரை நாள் ஒரு வருடமாகிவிடாது.

ஓவன் உண்மையில் செய்வது ஹாப்ஸின் வாசனை எண்ணெயை விரட்டுவது. மிர்சீன் போன்றவை சீக்கிரம் ஓடிவிடும். மணம் போனதால் பழுத்துவிட்டது என்று தோன்றும், கசப்பு அப்படியே இருக்கும். ஏமாறும் இடம் இதுதான்.

இப்போது உங்கள் சாஸ். இந்த ரகம் 20 டிகிரியில் ஆறு மாதத்தில் ஏறத்தாழ பாதி ஆல்ஃபாவை இழக்கும். 30 டிகிரியில் வேகம் 1.6 மடங்கு. ஆக மூன்றில் ஒரு பங்கு மிச்சம், சுமார் 1.25 சதவீதம். ஒரு மணி நேரக் கொதியில் பயன்பாடு (ஆல்ஃபாவில் கசப்பாக மாறி பீரில் சேரும் பங்கு) 23 சதவீதம் என்று வைத்தால், 20 லிட்டரில்:

100 கிராம்: 14 ஐபியு
60 கிராம்: 8 முதல் 9 ஐபியு

இதோடு நிற்காது. ஹாப்ஸில் உள்ள இன்னொரு வகையான பீட்டா அமிலம் ஆக்சிஜனேற்றமாகி ஹுலுபோன் ஆகிறது. அதற்கும் கசப்பு உண்டு, செயலி அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் பூஜ்யம் என்ற விடை தப்பு. லிட்டருக்கு 5 கிராம் என்பது நன்றாகப் பழுத்த, ஆல்ஃபா அரை சதவீதத்துக்குப் பக்கம் வந்துவிட்ட ஹாப்ஸுக்கான அளவு. இப்போதே போடுவதானால் லிட்டருக்கு 3 கிராம், மொத்தம் 60. அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாம்பீப்பாய்:

கொலம்பஸ் வேண்டாங்க. அதுவும் சீக்கிரம் ஆல்ஃபா இழக்கிற ரகம்தான், ஆனா ஆரம்பமே 15. மூணு தடவை பாதியானாலும் 1.9 சதவீதம் நிக்கும். அதை 100 கிராம் போட்டா 20 ஐபியு தாண்டும். சாஸ் அதே மூணு பாதியில 0.5-க்குக் கீழே வந்துடும், 100 கிராமுக்கு 5, 6 ஐபியுதான். பழுக்க வைக்கிறதுக்கு ஆல்ஃபா 5-க்குக் கீழே இருக்கிற ரகமாப் பாருங்க: சாஸ், டெட்னாங், ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ, ஸ்ட்ரிஸல்ஸ்பால்ட் மாதிரி.

பெல்லட்டுங்கறதுக்காக ஒதுக்க வேண்டியதில்லை. அரைக்கும்போதே லூபுலின் சுரப்பி உடைஞ்சிருக்கும், காத்து பட்டா வேகமாவே ஆக்சிஜனேற்றம் ஆகும். ஆனா இறுக்கி அழுத்தின உருளை, உள்பக்கம் காத்து போகாது. கையால பொடிச்சு ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி வைக்கணும். கெட்டில் அடியில சகதி அதிகமா சேரும், அதுக்கு இடம் விடுங்க.

நுரைமேகம்:

சரி, கொலம்பஸ் இதில் இல்லை. சீஸ் நாற்றத்தை மூன்று மணி நேரக் கொதி வெளியேற்றிவிடும் என்று படித்தேன். அது உண்மையா?

கொதிகலன்:

ஓரளவுக்குத்தான். வோர்ட்டின் (நொதிக்காத மால்ட் சாறு) பிஎச் 5.2 அளவில் இருக்கும்போது ஐசோவலெரிக் அமிலத்தில் முக்கால்வாசி அயனி வடிவில் இருக்கும், அந்தப் பகுதி ஆவியாகாது. மிச்சம்தான் நீராவியோடு போகும். மூன்று மணி நேரக் கொதிக்குப் பிறகும் கொஞ்சம் வாடை நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் கல்ச்சரில் ப்ரெட்டனோமைசஸ் இருக்கிறது. அது இந்த அமிலங்களை எத்தனாலோடு சேர்த்து எஸ்டர்களாக்கும், எத்தில் ஐசோவலெரேட் பழ வாசனை தரும். மாதக்கணக்கில் நடக்கிற வேலை. ப்ரெட்டனோமைசஸ் இல்லாத பீரில் சீஸ் கட்டத்து ஹாப்ஸைப் போடவே கூடாது, நாற்றம் கடைசிவரை நிற்கும்.

கொதி முறை: 28 லிட்டரில் தொடங்குங்கள் (மணிக்கு இரண்டரை லிட்டர் ஆவியாகும் கெட்டில் என்றால் மூன்று மணி நேரத்தில் 20-க்குச் சற்று மேல் வரும்). முதல் நுரை பொங்கி அடங்கிய பிறகு ஹாப்ஸ். அதற்கு முன் கொட்டினால் கூம்பு மேலே மெத்தை போல மிதந்து, நுரை அடியில் சிக்கி வழியும். பை பயன்படுத்தினால் தளர்வாக, மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரம்பும்படி. 60 கிராம் காய்ந்த கூம்பு கால் லிட்டருக்கு மேல் வோர்ட்டைக் குடித்துவிடும்.

பெடியோ:

ஊற்றுவதற்கு முன் ஒரு சோதனை. 0.75 கிராம் ஹாப்ஸ், 250 மில்லி தண்ணீர், மூடாமல் அரை மணி நேரம் மெல்லிய கொதி. ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்டக் கொதிநீர் சேருங்கள். இது லிட்டருக்கு 3 கிராம் விகிதம். ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். வெறும் தண்ணீரின் பிஎச் வோர்ட்டை விட அதிகம் என்பதால் கசப்பு சற்று முரடாகத் தெரியும். நாக்கில் பிசின் போலத் தங்கினால் இன்னும் பழுக்க வேண்டும். மெல்லிய கசப்பும் தேயிலைத் துவர்ப்பும் மட்டும் என்றால் சரி.

இன்னொன்று. இந்த ஹாப்ஸ் லாக்டோபேசிலஸைத் தடுக்கத்தான் போடப்படுகிறது. பல லாக்டோபேசிலஸ் வகைகள் 10 ஐபியுவைக்கூடத் தாங்காது. உங்கள் பீரில் புளிப்பு மெதுவாக, பெடியோகாக்கஸ் வழியாக வரும். விரைவில் புளிக்கவில்லை என்று பதறி வேறு எதையும் சேர்க்காதீர்கள். கெட்டிலிலேயே ஓரிரு நாளில் புளிக்க வைக்கும் முறைக்கு, புளிப்பு வரும்வரை ஹாப்ஸே கூடாது.

குடல்வகை பாக்டீரியாக்கள் கிராம்-நெகட்டிவ் என்ற வேறு வகை. ஹாப்ஸ் அவற்றை ஒன்றும் செய்யாது. கல்ச்சர் ஊற்றாமல் காற்றிலிருந்து நொதிக்க விடுபவர்கள் லாக்டிக் அமிலம் விட்டு பிஎச்சை 4.5-க்கு இறக்குவது அதற்காக. உங்களுக்கு அது தேவையில்லை.

நுரைமேகம்:

சோதனை செய்தேன். கசப்பு மிதம், சீஸ் வாடை லேசாக. 60 கிராமோடு போடுகிறேன். மீதி 140 கிராமை எப்படி வைப்பது?

மூன்றாம்பீப்பாய்:

இன்னும் ஆறு மாசமாவது அதே காகிதப் பையில விடுங்க. பிளாஸ்டிக்ல கட்டினா காத்து போகாது, ஈரம் தேங்கிப் பூஞ்சை வரும். மாசம் ஒரு தடவை குலுக்கி அடிப்பக்கம் மேலே வர்ற மாதிரி புரட்டுங்க. 35, 40 டிகிரி தேங்குற வறண்ட இடம் இருந்தா இன்னும் வேகம். மால்ட் மூட்டை பக்கத்துல வேண்டாம், வாடை ஏறும்.

வீட்டுல நாய் இருந்தா எட்டாத உயரத்துல வைங்க. புதுசோ பழசோ, கொதிச்சு எறிஞ்ச சக்கையோ, ஹாப்ஸ் நாய்க்கு விஷம். உடல் சூடு கட்டுக்கடங்காம ஏறிச் செத்துடும். சக்கையை உரக்குழியில திறந்து போடாதீங்க.

வைக்கோல் வாசனை வந்ததும் அதே சோதனையை லிட்டருக்கு 5 கிராம் விகிதத்துல, 250 மில்லிக்கு 1.25 கிராம் போட்டுப் பாருங்க. தேறினா காத்தை உறிஞ்சிச் சீல் பண்ணி ஃப்ரீசர்ல போட்டுடுங்க. அடுத்த பீர் வரைக்கும் பெரிசா மாறாது.