நூறு டிகிரி ஆகாத வைகை எப்படி ஆவியானது?

ஜெய்ஹிந்த்புரம் டியூஷன் வாத்தியார்:

மாணவர்கள் கேட்டு உங்களைத் திணறடித்த இயற்பியல், வேதியியல் கேள்விகளை இங்கே எழுதுங்கள். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண். அம்மா இட்லிக்கடை வைத்திருக்கிறார். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும் என்று பலகையில் எழுதி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். "சார், 2017-இல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் விட்டார்கள் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அணைத் தண்ணீர் எப்போது சார் நூறு டிகிரி ஆனது?"

வெயில் அம்மா, வெயில் என்றேன். "எங்கள் வீட்டுத் துணி இரவில்தான் காய்கிறது" என்றாள்.

இருபது வருடமாக நான் எழுதிவரும் வரி அது. கொதிப்பதையும் ஆவியாவதையும் ஒரே முடிச்சில் போட்டிருந்தேன். மறுநாள் திருத்திச் சொன்னேன். தண்ணீரின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவன் முண்டியடித்து வெளியேறிவிடுவான். நடுவில் சிக்கியவன் எங்கே போவது? அதுபோல, மேற்பரப்பில் இருக்கும் வேகமான மூலக்கூறு எந்த வெப்பநிலையிலும் தப்பிவிடும். கொதிப்பது வேறு. தண்ணீருக்கு உள்ளேயே நீராவிக் குமிழ்கள் தோன்றி, மேலிருந்து அழுத்தும் காற்றை எதிர்த்து நிற்க வேண்டும். அதற்குத்தான் கடல் மட்டத்தில் 100 டிகிரி. காற்றழுத்தம் குறைந்த கொடைக்கானலில் ஏறத்தாழ 93 போதும்.

அவள் விடவில்லை. "வேகமானவை போய்விட்டால் மிச்சம் மந்தமானவைதானே? அப்படியானால் தண்ணீர் குளிர வேண்டுமே." மண்பானையைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவே இல்லை. மூலையில் இருந்த பானையை அவளே திரும்பிப் பார்த்தாள்.

மேலூர்ப் பக்கத்து வேதியியல் ஆசிரியர்:

எனக்கு வாய்த்தவன் கொத்தனார் மகன். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் பிள்ளைகளை எட்ட நிறுத்தியிருந்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. "அடுப்பே இல்லையே சார், இந்தச் சூடு எங்கே இருந்தது?" என்றான்.

'வெப்ப உமிழ் வினை' என்று பெயர் சொல்லித் தப்பித்திருக்கலாம். பெயர் விடையாகாது. மதுரையில் காளவாசல் என்ற இடத்துக்கு பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறாயே, காளவாசல் என்றால் என்ன என்று கேட்டேன். சூளை என்றான். சரி, சூளையில் சுண்ணாம்புக் கல் ஏறத்தாழ 900 டிகிரியில் வேகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதற்கு மோலுக்கு (வேதியியலில் பொருளை அளக்கும் அலகு) 178 கிலோஜூல் வெப்பத்தைக் கல் விழுங்குகிறது. தண்ணீர் ஊற்றி நீற்றும்போது 65 திரும்பி வருகிறது. மீதி?

பையன் யோசித்தான். நீறிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்தால் அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்துக்கொள்கிறது. அப்போது 113 வருகிறது என்றேன். கூட்டிப் பார்த்தான். 178. "அப்படியானால் சுவரில் இருப்பது பழைய கல்லேதானா?" அன்று நான் வேறு பாடம் நடத்தவில்லை.

திருநகர் அம்மா ஒருவர்:

நான் ஆசிரியை இல்லை. ஜிகர்தண்டா குடிக்கப் போன இடத்தில் ஐஸில் கல் உப்பைப் போட்டு ஐஸ்கிரீம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "உப்பு ஐஸை உருக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. உருக்கினால் ஐஸ்கிரீம் கெட்டுப்போகாதா?" என்றான் என் மகன். எனக்குத் தெரியவில்லை, கடைக்காரரும் சிரித்து மழுப்பிவிட்டார்.

மேலூர்ப் பக்கத்து ஆசிரியர்:

அம்மா, உருகுவதற்கு ஐஸுக்கு வெப்பம் வேண்டும், கிராமுக்கு 334 ஜூல். அதைப் பக்கத்தில் இருக்கும் பாலிடமிருந்துதான் பிடுங்கும். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே, சரியான விகிதத்தில் மைனஸ் 21 வரை இறங்கும். தம்பி கேட்டது நல்ல கேள்வி.

ஜெய்ஹிந்த்புரம் டியூஷன் வாத்தியார்:

சுண்ணாம்புக் கணக்கை நேற்று என் வகுப்பில் சொன்னேன். இட்லிக்கடைப் பெண் உடனே கேட்டாள்: "113 வருகிறதென்றால் வெள்ளையடித்த சுவர் ஏன் சுடவில்லை? 65-க்கே கொதிக்கிறதே?" நீற்றுவது சில நிமிட வேலை, சுவர் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வதால் வரும் சூடு அப்போதைக்கப்போது காற்றோடு போய்விடுகிறது, கைக்குத் தெரியாது என்றேன். வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள். அவர்கள் வீட்டுக்கு அடித்திருப்பது சுண்ணாம்பு இல்லை, டிஸ்டெம்பர் பெயிண்ட், சொல்ல மறந்துவிட்டேன்.