சண்டை டர்ன்ல ஆயுதம் உருவுறது, உறையில போடுறது, கீழ விடுறது: எதுக்கு எவ்வளவு கணக்கு?

வைகைக்கரை_டிஎம்:
வணக்கம். மதுரையில டி அண்ட் டி (பகடை உருட்டிப் பாத்திரமா நடிச்சு ஆடுற கதை விளையாட்டு) 5ம் பதிப்பு ஆடுற குழு. நாயக்கர் காலத்து மதுரை மாதிரி ஒரு கற்பனை நாடு: கோட்டை, மாசி வீதிகள், யானைமலைக் குகைகள் எல்லாம் உண்டு. பாதிப் பேர் கையில 2014 விதிப் புத்தகம், மீதிப் பேர் கையில 2024 விதிப் புத்தகம். ஒவ்வொரு சண்டையிலயும் மூணு இடத்துல ஆட்டம் நின்னு போகுது.

முதல் ஆள் 5ம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர், அட்டாக் பண்ணா ரெண்டு அடி). வலது கையில வாள், இடது கையில கேடயம். ரெண்டு எறிஈட்டி வீசிட்டு, டர்ன் முடியும்போது வாள் திரும்பக் கையில இருக்கணும்னு கேக்குறார். அடுத்தவர் கிளெரிக் (தெய்வ மந்திரம் போடுற பூசாரி). கதாயுதமும் கேடயமும் பிடிச்சுக்கிட்டே எல்லா ஸ்பெல்லும் போடுறார். மூணாவது ஆளுக்கு ரெண்டு அருவா (கைக்கோடாரி கணக்குல வச்சிருக்கேன், சேதம் 1டி6, அதாவது ஆறு பக்கப் பகடை ஒண்ணு; ரெட்டையாப் பிடிக்க ஏத்த லைட் ஆயுதம்). முதல் ரவுண்டுலயே ரெண்டையும் உருவி ரெண்டாலயும் வெட்டணுங்கிறார்.

விதி என்ன சொல்லுது, மேசையில எதை விட்டுக்கொடுக்கலாம்?

புளியங்கொட்டை:
அண்ணே, முதல்ல எந்தப் புத்தகம்னு முடிவு பண்ணிருங்க. பாதி சண்டை அதுலயே தீரும். இந்த விஷயத்துல ரெண்டும் நல்லாவே வேறுபடுது.

2014ல ஒரு டர்னுக்கு ஒரு பொருளை மட்டும் சும்மா (செலவில்லாம) தொடலாம். வாளை உருவுறது ஒண்ணு, உறையில போடுறது இன்னொண்ணு. ரெண்டாவது தடவை தொட்டா, டர்னோட முக்கியச் செயலான உங்க ஆக்‌ஷனே போயிரும். 2024லயும் அந்த ஒண்ணு அப்படியே இருக்கு. அதோட அட்டாக் ஆக்‌ஷன்ல அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆயுதத்தை எடுக்கலாம், இல்லைன்னா விடலாம். அடிக்கு முன்னாடியும் செய்யலாம், பின்னாடியும் செய்யலாம். இது போக, எறியுற ஆயுதத்தை உருவுறது அந்த எறிதலுக்குள்ளயே சேர்ந்திருச்சு.

உங்க ஃபைட்டரை ரெண்டுலயும் ஓட்டிப் பாருங்க. 2014: வாளை உறையில போட்டாலே சும்மா கிடைச்ச ஒண்ணு தீந்துச்சு, ஈட்டியை உருவ வழியில்லை. வாளைக் கீழ போட்டாருன்னா ஒரு ஈட்டியை உருவி வீசலாம். ரெண்டாவது ஈட்டி முதுகுலயே இருக்கும், வாள் மண்ணுல கிடக்கும். டாஷாங்கிற கூடுதல் விதிப் புத்தகத்துல 2020ல வந்த எறிஆயுதச் சண்டைப் பாணி (எறியும்போதே உருவ விடும்) இருந்தா ரெண்டு ஈட்டியும் பறக்கும். ஆனா வாளை உறையில போட்டிருந்தா அது கைக்கு வராது, கீழ போட்டிருந்தா மட்டும் சும்மா தொடுறதுல எடுத்துக்கலாம்.

2024: சும்மா கிடைக்கிற ஒண்ணுல வாளை உறையில போடுறார். முதல் ஈட்டி, உருவுறது எறிதலோட சேர்த்தி. ரெண்டாவது ஈட்டியும் அப்படியே. அந்த ரெண்டாவது அடிக்கான எடுப்பு இன்னும் மிச்சம் இருக்குல்ல, அதுல வாளை உருவிக்கிறார். டர்ன் முடியும்போது வாளும் கேடயமும் கையில. அவர் கேட்டது அப்படியே நடக்குது.

ரெட்டை அருவாக்காரருக்கும் இதே கதிதான். 2014ல முதல் ரவுண்டுல ஒண்ணைத்தான் உருவ முடியும், கூடுதல் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் அடிக்கு மறு கையில எதுவும் இருக்காது. டூயல் வீல்டர் ஃபீட் (பாத்திரம் எடுத்துக்கிற சிறப்புத் திறமை) இருந்தா ரெண்டையும் ஒரே இழுப்புல உருவலாம். 2024ல சும்மா ஒண்ணு, அடியோட ஒண்ணு, ஆக ரெண்டும் வந்துரும், ஃபீட்டே தேவையில்லை.

மேசைக்கு ஒரு வழி: ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ரெண்டு அட்டை, வலது கை, இடது கைன்னு எழுதி வைங்க. கையில இருக்கிற ஆயுதத்தோட சீட்டை அந்த அட்டை மேல வைக்கணும். பக்கத்துல ஒரு புளியங்கொட்டை. சும்மா தொடுறதைப் பயன்படுத்தினா கொட்டையைத் தட்டுல போடணும், டர்ன் ஆரம்பிச்சதும் திரும்ப எடுத்துக்கலாம். வாய்க்கணக்குல ஓட்டினா மூணாவது ரவுண்டுலயே யார் கையில என்னங்கிறது மறந்துரும்.

தெற்குமாசி_கிளெரிக்:
கிளெரிக் பத்தி நான் சொல்றேன், அங்கதான் நிறைய மேசையில தப்பா ஓட்டுறாங்க.

ஸ்பெல்லுக்குக் கீழ இருக்கிற மூணு எழுத்தைப் பாருங்க: வி (வாய்மொழி), எஸ் (கைச் சைகை), எம் (பொருள்). வாய்மொழி மட்டும்னா கை எதுவும் வேண்டாம். ஹீலிங் வேர்ட் அப்படித்தான், ரெண்டு கையும் நிறைஞ்சிருந்தாலும் போடலாம். எஸ்-ம் எம்-மும் சேர்ந்து வந்தா, பொருளைப் பிடிச்ச கையே சைகையையும் செய்யலாம். பொருளுக்குப் பதிலா நிக்கிற தெய்வச் சின்னம் கேடயத்துல பொறிச்சிருந்தா கேடயக் கையே போதும். பிளெஸ், ஸ்பிரிட் கார்டியன்ஸ் எல்லாம் தடையில்லாமப் போகும்.

சிக்கல் எஸ் இருந்து எம் இல்லாத ஸ்பெல்லுல. கியூர் வூண்ட்ஸ் அதுதான். அங்க சின்னம் உதவாது, ஒரு கை வெறுமையா இருக்கணும். கதாயுதத்தை இடுப்புல செருகினா (சும்மா தொடுறது தீந்துச்சு) கியூர் வூண்ட்ஸ் போடலாம், ஆனா திரும்ப உருவ முடியாது. 2024லயும் அதே நிலைதான். அடியோட சேர்ந்து வர்ற எடுப்பு அட்டாக் ஆக்‌ஷனுக்கு மட்டும், ஸ்பெல் போடுற டர்ன்ல கிடையாது. கையில கதாயுதம் இல்லாததால, பக்கத்துல இருந்து ஓடுற எதிரியை, அடுத்தவர் டர்ன்ல பதிலுக்குச் செய்யுற ரியாக்‌ஷன்ல அதை வச்சு அடிக்க முடியாது. கியூர் வூண்ட்ஸுக்கு நீங்க கொடுக்குற விலை இதுதான். இதை மறந்துட்டா வார் காஸ்டர் ஃபீட் (கை நிறைஞ்சிருந்தாலும் சைகை பண்ண விடும்) எடுத்தவருக்கு அநியாயம் ஆயிரும், அந்த ஃபீட்ல பாதிப் பயன் இதுக்குத்தானே.

கேடயத்தைக் கழட்டிட்டுப் போடலாமேன்னு யாராவது கேப்பாங்க. கேடயம் மாட்டவும் கழட்டவும் ஒரு முழு ஆக்‌ஷன் வேணும். சண்டை நடுவுல அது கட்டுப்படியாகாது.

மந்திரவாதி கையில ரெண்டு கைப் பிடி ஆயுதம் இருந்தா பயப்பட வேண்டாம். அடிக்கிற நேரம் மட்டும்தான் ரெண்டு கையும் வேணும். மீதி நேரம் ஒத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு மறு கையால சைகை பண்ணலாம். சிலம்பக் கம்பும் அப்படித்தான், வெர்சடைல்: ஒரு கையில 1டி6, ரெண்டு கையில 1டி8, பிடி மாத்த எந்தச் செலவும் இல்லை.

யானைமலை_பகடை:
நல்லா சொன்னீங்க. ஆனா கீழ போடுறதைப் பத்தி ரெண்டு பேருமே சரியாத் தொடலை, உண்மையான ஓட்டை அங்கதான் இருக்கு.

2014ல ஆயுதத்தைக் கைய விட்டு நழுவ விடுறதுக்குச் செலவு இல்லைன்னுதான் பெரும்பாலும் ஆடுறாங்க. அப்ப கிளெரிக் கதாயுதத்தைக் கீழ போட்டு, கியூர் வூண்ட்ஸ் போட்டு, சும்மா தொடுறதுல திரும்ப எடுத்துக்கலாம். எல்லா டர்னும் இப்படியே செய்வாங்க. 2024ல கீழ போடுறதும் ஆயுதத்தை விடுறதுன்னே எழுதியிருக்கு, அதனால அது அடியோட சேர்ந்து வர்ற கணக்குக்குள்ள வந்துருது. நான் 2024 பக்கம். ஸ்பெல் போடுற டர்னுக்கும் அதையே நீட்டி, கீழ விடுறதுக்கும் புளியங்கொட்டையைப் போடச் சொல்லுங்க, ஓட்டை அடைஞ்சிரும்.

2014லயே நிக்கணும்னா தடை போடாதீங்க, தரையைப் பேச விடுங்க. கீழ கிடக்குற ஆயுதத்தை எதிரியும் தன் டர்ன்ல சும்மா எடுக்கலாம். யானைமலைச் சரிவுல விட்டா பாறையில உருண்டு போகும், வைகையில வெள்ளம் ஓடுறப்ப விட்டா தேட வேண்டாம். மணிக்கட்டுல கயிறு கட்டிக்கிறேன்னு சொன்னா அனுமதிங்க, ஆனா தொங்குற ஆயுதத்தைத் திரும்பப் பிடிக்க ஒரு போனஸ் ஆக்‌ஷன் கேளுங்க. இது புத்தகத்துல இல்லை, வீட்டு விதி.

வில்லுக்கும் ஒரு வார்த்தை. அம்பை உருவுறது எய்யுறதுக்குள்ளயே அடங்கும், தனிக் கணக்கு வேண்டாம். குறுக்குவில்லுல லோடிங் (ஒவ்வொரு தடவையும் அம்பு ஏத்தணும்ங்கிற தன்மை) இருந்தா எத்தனை அடி இருந்தாலும் ஒரு ஆக்‌ஷனுக்கு ஒரு அம்புதான். அஞ்சாம் லெவல்ல ஃபைட்டர் இதுலதான் ஏமாறுவார். வில்லு கையில இருக்கிறவர் ஓடுற எதிரியை ரியாக்‌ஷன்ல எய்ய முடியாது, வேணும்னா உதைக்கலாம். சண்டை முடிஞ்சு ஒரு நிமிஷம் தேடினா எய்த அம்புல பாதி கிடைக்கும்.

வைகைக்கரை_டிஎம்:
ரொம்ப நன்றி. 2024க்கே மாறிடுறோம். இன்னும் ஒண்ணு: வளரி வேணும்னு ஒருத்தர் கேக்குறார். திரும்பி வந்துருமா?

புளியங்கொட்டை:
திரும்பி வர விடாதீங்க. சிவகங்கை மருது சகோதரர்கள் பேரோட சேர்த்துச் சொல்லப்படுற வளரி, ஆளையோ மானையோ காலைப் பார்த்து அடிச்சு விழ வைக்கிற ஆயுதம். பிறை மாதிரி வளைவு, ஒரு முனை கனம், மறு முனை மெலிசு, சுழட்டி வீசுறது. கைக்கு வந்துரும்னு வச்சா ஈட்டியும் கைக்கோடாரியும் யாரும் எடுக்க மாட்டாங்க.

1டி6 மொத்தடி, எறிதூரம் 20/60 அடி (சாதாரணமா 20, அதிகபட்சம் 60), எறிஆயுதம்னு போடுங்க. 2024 விதியில உருவுறது எறிதலோட சேர்ந்துரும், அதனால 5ம் லெவல்ல டர்னுக்கு ரெண்டு வளரி. இடுப்புல நாலு வச்சா ரெண்டு ரவுண்டுக்குத்தான் வரும். அப்புறம் நடந்து போய்ப் பொறுக்கணும். இது அம்பு மாதிரி பாதி தொலையுற கணக்கு இல்லை, எங்க விழுந்துச்சோ அங்க கிடக்கும். பொறுக்குறதுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடுப்பு. காலைத் தட்டி விழ வைக்கிறது வேணும்னா டாப்பிள் மாஸ்டரி (2024ல ஆயுதத்துக்கு வர்ற சிறப்புத் தன்மை) கொடுங்க: அடி பட்டா எதிரி கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் உறுதியால தாங்குறதுக்கான பகடை) போடணும், தோத்தா விழுவான். அதைக் கொடுத்தா சேதத்தை 1டி4ஆக் குறைச்சிருங்க.

ஆலங்குளம்_ரேஞ்சர்:
உங்க குழுவுல யாராவது பாத்ஃபைண்டர் 2ங்கிற வேற விளையாட்டு ஆடிட்டு வந்திருந்தா அந்தப் பழக்கத்தை இங்க கொண்டு வர விடாதீங்க. அங்க டர்னுக்கு மூணு ஆக்‌ஷன், ஆயுதம் உருவ ஒண்ணு போகும். ஒத்தைக் கைப் பிடியை ரெண்டு கைக்கு மாத்தவும் ஒண்ணு போகும், ரெண்டு கையிலிருந்து ஒண்ணை எடுக்க மட்டும் செலவில்லை. எதிரி பக்கத்துல நிக்கிறப்ப உருவினா அவனுக்கு ரியாக்டிவ் ஸ்டிரைக் (உங்க டர்ன் நடுவுல குறுக்க அடிக்கிற திறமை) இருந்தா அடி வாங்குவீங்க. 5ம் பதிப்புல உருவுறதுக்கு அந்த அடி கிடையாது. ரெண்டையும் கலந்து ஓட்டுறதுனாலதான் பாதி வாக்குவாதமே வருது.

இனிஷியேட்டிவ் (யார் முதல்ல ஆடுறதுங்கிற பகடை) போடுறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி கேட்டு வைங்க: இப்ப உங்க கையில என்ன இருக்கு? குகைக்குள்ள உருவின அருவாளோட போறதுல தப்பில்லை. மாசி வீதியில அப்படி நடந்தா காவக்காரன் வந்து நிப்பான். தீப்பந்தம் பிடிச்சவருக்கு ஒரு கை அதுலயே போச்சு, அதையும் அட்டையில வைக்கச் சொல்லுங்க.