சாசா கிராண்ட்: எங்கள் அனுபவங்கள்
(சாசா என்பது தென்னாப்பிரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், SASSA. அது தரும் மாத உதவித்தொகைதான் கிராண்ட். எழுதியவர்கள் டர்பன் நகரத்துக்காரர்கள்.)

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
தம்பிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. உடல் குறைபாட்டால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான டிஸபிலிட்டி கிராண்டுக்கு மனு போட்டோம். 18 முதல் 59 வயது வரை இந்த கிராண்ட், 60 ஆனதும் முதியோர் கிராண்ட். வருமானமும் பார்ப்பார்கள், கல்யாணமானவர் என்றால் மனைவியின் சம்பளமும் கணக்கில் சேரும். டாக்டர் அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது.

டாக்டர் அறையில்தான் கூத்து. தம்பி மானஸ்தன். "எப்படி இருக்கீங்க?" என்றதும் "பரவாயில்லை டாக்டர், சமாளிக்கிறேன்" என்கிறான்! நான் குறுக்கே பாய்ந்து, சட்டைப் பொத்தான் போடுவதும் சோறு பிசைந்து கொடுப்பதும் அவன் பெண்டாட்டிதான், லாரி ஓட்டியவனால் இப்போது பேனாகூடப் பிடிக்க முடியவில்லை என்றேன். நோய்க்கு என்ன பேர் என்பதைவிட, வேலை செய்து பிழைக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. கூச்சப்படுகிற ஆளாக இருந்தால் கூட ஒருவர் போங்கள்.

முதலில் தற்காலிகம் என்றுதான் எழுதினார்கள். அது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. முடிந்ததும் பணம் நின்றுவிடும், மறுபடி மனு போட வேண்டும்.

பீனிக்ஸிலிருந்து:
அக்கா, தம்பிக்கு கிராண்ட்-இன்-எய்டு கேட்டீர்களா? முதியோர் அல்லது டிஸபிலிட்டி கிராண்ட் வாங்குபவருக்கு முழுநேரமும் ஆள் துணை தேவைப்பட்டால், அதற்கு மேல் இதையும் தருவார்கள். 2024 ஏப்ரலில் மாதம் 530 ரேண்ட். பெரிய தொகையில்லைதான், ஆனாலும் படுக்கையில் இருப்பவருக்குக் கட்டும் நாப்கின் செலவில் கொஞ்சம் குறையும். எங்கள் அம்மா படுத்த படுக்கையாகி வெகுநாள் ஆகியும் கவுண்டரில் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லித்தான் தெரியும். இதற்குத் தனி மனு, பேர் சொல்லிக் கேளுங்கள்.

மெர்பேங்கிலிருந்து:
கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கத் தரும் கேர் டிபெண்டன்சி கிராண்ட் வாங்குகிறவர்கள் கவனம். 18 வயது நிறைகிற மாதத்தோடு அது நின்றுபோகும், தானாக டிஸபிலிட்டி கிராண்டாக மாறாது. பிறந்தநாளுக்கு முன்பே டாக்டர் அறிக்கைக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.

என் மகனுக்கு முதலில் இல்லை என்றார்கள். காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மறுபரிசீலனைக்குப் போட்டோம். அப்போது அதற்கு 90 நாள் அவகாசம் இருந்தது. அதிலும் இல்லை என்றிருந்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்போம். எங்களுக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

மனு போட ஒரு சென்ட் கட்டணமும் கிடையாது. வாசலில் நின்று "நான் முடிச்சுத் தரேன்" என்பவனிடம் ஐடி புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.