மெட்ஃபார்மின் போடுற அப்பாவுக்கு மெத்தில்ஃபோலேட் கேப்சூல் தேவையா?

வியாசை_ஜிம்பாய்:
அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், மெட்ஃபார்மின் போடுறாரு. ரத்தத்துல ஏறினா இதயத்துக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, அந்த ஹோமோசிஸ்டீன் 22ன்னு ஏறி வந்துகீது. ராத்திரியானா பாதம் எரியுதுன்னு ஈரத்துணி சுத்திக்கினுதான் படுக்கிறாரு. ஜிம் மாஸ்டர் மெத்தில்ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் வைட்டமினோட ரெடிமேட் வடிவம்) டப்பா குடுத்தாரு. நாளைக்கே ஆரம்பிக்கப்போறேன். வேணாம்னா காரணம் சொல்லுங்க.

தண்டையார்பேட்டை_மெடிக்கல்:
தம்பி, பி12 எவ்ளோன்னு சொல்லவேயில்லையே? வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் போட்டா பி12 உறிஞ்சுறது குறையும். ஃபோலேட் கொண்டுவர்ற மெத்தில்ங்கிற சின்ன வேதித்துண்டை வாங்கி ஹோமோசிஸ்டீன் கையில குடுக்கிறதே பி12தான். அப்போதான் அது மெத்தியோனினா மாறும். பி12 குறைஞ்ச ஆளுக்கு ஃபோலேட் மட்டும் குடுத்தா ரத்தசோகை சரியான மாதிரி ரிப்போர்ட் வரும், நரம்பு பாட்டுக்கு கெட்டுக்கினே போகும். எரிச்சல் சுகராலயும் வரும், பி12 குறைஞ்சும் வரும். எதுன்னு பாக்காம டப்பாவைத் திறக்காதீங்க.

வியாசை_ஜிம்பாய்:
இன்னாக்கா, காசிமேடு சங்கராவும் நெத்திலியும் இல்லாம எங்கப்பாவுக்கு சோறே இறங்காது. அவருக்குப் போய் பி12 குறையுமா?

தண்டையார்பேட்டை_மெடிக்கல்:
குறையும். சாப்பிட்டது உடம்புல சேரணுமே.

பெரம்பூர்_லோகோ:
இதயத்துக்கு நல்லதுன்னுதானே அந்த டப்பாவை விக்கிறாங்க? 2006ல வந்த ஹோப்-2, நார்விட்னு ரெண்டு ஆய்வுலயும் ஃபோலிக் ஆசிடும் பி வைட்டமினும் குடுத்தாங்க. ஹோமோசிஸ்டீன் இறங்குச்சு, ஹார்ட் அட்டாக் குறையல. ரிப்போர்ட் அழகாத் தெரிய எதுக்கு சார் காசு?

வியாசை_ஜிம்பாய்:
பாதியை முழுங்கிட்டீங்களே சார். அதே ஹோப்-2ல பக்கவாதம் குறைஞ்சுது. 2015ல சீனாவுல 20,702 பிபிகாரங்களை வச்சுப் பார்த்தாங்க. எனாலாப்ரில்ங்கிற பிபி மாத்திரையோட ஃபோலிக் ஆசிட் சேர்த்தவங்களுக்கு முதல் பக்கவாதம் 21 சதவீதம் கம்மி. அது சும்மா வருமா?

தண்டையார்பேட்டை_மெடிக்கல்:
நல்ல ஆய்வுதான். ஆனா அதுல குடுத்தது 0.8 மில்லிகிராம் சாதா ஃபோலிக் ஆசிட். உங்க மாஸ்டர் விக்கிறது அதில்லையே!

வியாசை_ஜிம்பாய்:
ஃபோலிக் ஆசிடை மெத்தில்ஃபோலேட்டா மாத்த உதவுற என்சைமுக்கான எம்டிஹெச்எஃப்ஆர் ஜீன் மாறியிருந்தா சாதா மாத்திரை வேலைக்கே ஆகாதுன்னாரே?

பெரம்பூர்_லோகோ:
விக்கிறவர் அப்படித்தான் சொல்வார். அந்த ஜீன் மாறினா என்சைம் மந்தமாகும், நின்னுபோகாது. அப்பாவுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தாரா உங்க மாஸ்டர்?

வியாசை_ஜிம்பாய்:
எடுக்கல. சரி, பி12 பாத்துடறேன். டப்பாவைத் திருப்பிக் குடுக்கமாட்டேன், சொல்லிட்டேன்.

தண்டையார்பேட்டை_மெடிக்கல்:
வச்சுக்கோங்க. பின்பக்கம் மெத்தில்கோபாலமின்னு இருக்கான்னு பாருங்க, அதுவும் பி12தான். இருந்தா முதல்ல ரத்தம் குடுங்க. போட்டுட்டுக் குடுத்தா அளவு ஏறிக் காட்டும். அதுக்காக மெட்ஃபார்மினை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.