மறு: கொய்மலருக்குக் ‘கண்டிஷனிங்’ – தமிழில் என்ன?

> நாம் தமிழாக்கும் பூச்சாடிக் கையேட்டில் கொய்மலருக்கு (சாடியில் வைக்க வெட்டிய பூவுக்கு) ‘கண்டிஷனிங்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘பதப்படுத்தல்’ என்று போட்டுவிடலாமா?

ஐயா, வணக்கம். ‘பதப்படுத்தல்’ வேண்டாம். தோலைப் பதப்படுத்துவார்கள், மீனைப் பதப்படுத்துவார்கள். பூவைப் பதப்படுத்து என்றால் எங்கள் திருவையாற்றுப் பக்கத்தில் நிழலில் காயவைத்து டப்பாவில் அடைத்துவிடுவார்கள். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறுமுன் தண்ணீர் வாளியோடு தோட்டத்துக்குப் போய், பூவை நீளத் தண்டோடு வெட்ட வேண்டும். வெட்டுவாயில் காற்று புகுந்து நீர்க்குழாயை அடைத்துவிட்டால், சாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தலையைத் தொங்கப்போடும். அதனால் அடியை மறுபடி சாய்வாக நறுக்குகிறோம். நீருக்குள் மூழ்கும் இலைகளை உருவிவிடுகிறோம். விட்டால் அழுகி, பாக்டீரியா பெருகி, அதுவும் தண்டை அடைக்கும். பிறகு ஆழமான வாளியில், நிழலில், சில மணி நேரமோ ஓர் இரவோ நிறுத்தி வைக்கிறோம். சாடியில் அடுக்குவது அதற்கப்புறம்தான். இந்த இடைப்பட்ட வேலைக்குத்தான் பெயர் வேண்டும்.

> ‘நீரூட்டல்’ சரியாக இருக்குமே?

ஊட்டுவது என்றால் நாம் உள்ளே செலுத்துவது. பூத்தண்டுக்குள் யாரும் தண்ணீரைச் செலுத்துவதில்லை. இதழும் இலையும் நீரை ஆவியாக விட, அந்த இழுப்பில் தண்டு தானே உறிஞ்சுகிறது. பக்கத்தில் வைப்பது மட்டும்தான் நம் வேலை. நம்மூரில் “மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?” என்று கேட்கிறோமே, அதே செயல். மாடு குடிக்கும், நாம் காட்டுவோம். ஆகவே என் பரிந்துரை: நீர்காட்டல். வினையாக, “ஜினியாவை இரவு முழுக்க நீர்காட்டுக.”

‘தண்ணி காட்டுவது’ என்றால் ஏய்ப்பது என்றும் பொருள் உண்டே என்று யாராவது சிரிப்பீர்கள். அதற்காகத்தான் ‘நீர்’. யாரும் போலீசுக்கு ‘நீர் காட்டி’விட்டு ஓடியதில்லை!

> அக்கா, ‘உயிர்த்தண்ணி’ எடுத்துக்கலாமே. நட்ட மூணாம் நாள் விடுறது. வாடுன பயிர் நிமிருது, பூவும் நிமிருது.

தம்பி, அழகான சொல்தான், எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அது வேர் பிடிக்கவேண்டிய பயிருக்கு. வெட்டிய பூவுக்கு வேர் ஏது? வேளாண்மைத் துறைக்காரர்கள் அன்றாடம் புழங்கும் சொல்லும்கூட. இரண்டு பொருள் கொடுத்தால் வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில் குழப்பம் வரும்.

எல்லாப் பூவுக்கும் நீர்காட்டல் ஒன்றுபோல இல்லை என்பதையும் கையேட்டில் சொல்லவேண்டும். செம்பருத்திக்கு எவ்வளவு காட்டினாலும் பெரும்பாலும் ஒரு நாள் பூதான். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் காட்டாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. சம்பங்கியை அடியில் ஓரிரு பூ விரிந்ததும் வெட்டினால் மேலே உள்ளவை சாடியில் ஒவ்வொன்றாக விரியும். டாலியா அப்படி இல்லை, மொட்டாக வெட்டினால் மொட்டாகவே நின்றுவிடும். ஜினியாவுக்கு ஒரு சோதனை உண்டு: பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து ஆட்டவேண்டும். தண்டு துவண்டால் இன்னும் முற்றவில்லை. விறைப்பாக நின்றால் வெட்டலாம். அரளியின் பால் நஞ்சு. கையுறை போடச் சொல்லி ஒரு வரி கட்டாயம் வேண்டும். (டாலியா, ஜினியா, காஸ்மாஸ் என்று கையேடு கொண்டாடுவதெல்லாம் மெக்சிகோப் பூக்கள். நம் செண்டுப்பூவும் அங்கிருந்து வந்ததுதான். அதையும் ஒரு சாடியில் வையுங்கள், கோயில் பூ என்று ஒதுக்கவேண்டாம்.)

கையேட்டின் ‘லேட் சம்மர்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘கோடைக்கடைசி’ என்று புதிதாகக் கட்டவேண்டாம், முதுவேனில் ஆயத்தமாக இருக்கிறது. பழைய கணக்கில் அது ஆனியும் ஆடியும். ஆனால் கையேடு சொல்வது ஆகஸ்ட், செப்டம்பர். அது நமக்கு ஆடி தாண்டிக் கார்காலத்தில் போய் முட்டும். மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்தைப் போய் வேனில் என்பதா என்று இங்கே சிலர் முகம் சுளிக்கலாம். அதனால் கையேட்டுக்காரர்கள் ஊர்ப் பருவத்துக்கு அவர்கள் மாதத்தையே போட்டு, அடைப்புக்குள் தமிழ் மாதம் தந்தால் போதும்.

– திருவையாற்றிலிருந்து

---

அம்மா, ‘நீர்காட்டல்’ எனக்குச் சம்மதம். ‘நீர் காட்டல்’ என்று பிரித்து எழுதினால் தேடலில் சிக்காது, சேர்த்தே பதிகிறேன். கலைச்சொல் பட்டியலில் ‘கொய்மலர்’, ‘உதிரிப்பூ’ இரண்டுக்கும் அடுத்து வைக்கிறேன். அடுத்தது ‘வேஸ் லைஃப்’, அதாவது பூ சாடியில் வாடாமல் இருக்கும் காலம். ‘சாடி ஆயுள்’ என்றால் சாடி உடையும் வரையா என்று கேட்கிறார்கள். ‘சாடிநாள்’ எப்படி?

– மன்னார்குடியிலிருந்து